சிக்னலில் அணையும் கேமரா

என் அண்ணன் ஜெயராஜ் இனி மோட்டார் சைக்கிள் ஓட்டலாமா, கூடாதா என்று தீர்ப்புச் சொல்வதற்காகத்தான் நான் திருச்சியிலிருந்து பெங்களூருக்குப் போனேன். அழைத்தது அவருடைய மகள் ரீட்டா.

"நான் சொன்னா சண்டையாவுது, சித்தப்பா. அம்மா சொன்னா டாடி காதுலயே போட்டுக்கறதில்ல. நீங்க பேப்பர்ல அடுத்தவங்க எழுதுனத திருத்திகினு இருந்தவரு. உங்களுக்குக் கோவம் வராது. வந்து பாத்து சொல்லுங்க."

விஷயம் இதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆளில்லாத ஒரு நாற்சந்தியில், அண்ணன் ஓர் ஆட்டோவின் பக்கவாட்டில் உரசிவிட்டார். இண்டிகேட்டர் உடைந்தது, முழங்கை சிராய்த்தது. சிவப்பில் வந்தவர் அண்ணன்தான் என்றார் ஆட்டோக்காரர். ஆட்டோதான் சிவப்பில் வந்தது என்றார் அண்ணன். வேறு சாட்சி இல்லை. ரீட்டா சாவியைக் கேட்டாள். அவர் கொடுக்கவில்லை. ஒரு வாரம் வீட்டில் பேச்சு நின்றுபோய், கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆயிற்று. மலையேறப் போகிறேன் என்று ரீட்டா எப்போதோ வாங்கி அலமாரியில் போட்டிருந்த சின்ன ஆக்‌ஷன் கேமராவை வண்டியின் ஹேண்டில்பாரில் மாட்ட வேண்டியது. அவர் மூன்று நாள் வழக்கம்போல ஓட்ட வேண்டியது. படத்தை நான் பார்ப்பது. நான் சொல்வதே முடிவு.

அறுபதைத் தாண்டிய மனிதர் வண்டியை விட்டுவிட்டால் என்ன குடிமுழுகிவிடும் என்றுதான் ரயிலில் வரும்போது நினைத்துக்கொண்டேன். விவேக் நகர் வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த நினைப்பு மாறியது. கூடத்தில் டிபன் கேரியர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் ஒவ்வொரு நிற ரிப்பன். அண்ணி சமைக்கிறார், அண்ணன் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ரிச்சர்ட்ஸ் டவுனில் தனியாக இருக்கும் முதியவர்களுக்கு மதியச் சாப்பாடு. அங்கே ரசத்துக்குப் பெப்பர் வாட்டர் என்று பெயர். கூடவே உப்புக் குறைத்த கொத்துக்கறி உருண்டைக் குழம்பு, பீன்ஸ் பொரியல், குழைய வடித்த சோறு. நீல ரிப்பனுக்குச் சர்க்கரை நோய், மஞ்சள் ரிப்பனுக்குப் பல் இல்லை. வண்டி நின்றால் இதெல்லாம் நிற்கும்.

முதல் நாள் கேமரா வேலை செய்யவே இல்லை. அலமாரியில் கிடந்த காலத்தில் அதன் பேட்டரி பூரிபோல் உப்பியிருந்தது. ரீட்டா அதைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கேபிள் வழியாகக் கரண்ட் கொடுத்தால் பேட்டரி இல்லாமலே ஓடும் என்றாள். பெட்ரோல் டாங்க் மேல் ஒரு பவர் பேங்கை ரப்பர் பட்டை போட்டுக் கட்டினோம். கேமராவுக்குக் கேபிள் போனது. அண்ணன் கிளம்பினார். திரும்பி வந்ததும் ஆவலோடு போட்டுப் பார்த்தோம். கோயில் வாசல் மெழுகுவர்த்திக் கடைகள், ஒரு மாடு, ஒரு வேகத்தடை. வேகத்தடையோடு படம் முடிந்தது. குலுங்கியதில் கேபிள் கழன்றிருக்கிறது.

"நல்லா ஓட்டறேனா?" என்றார் அண்ணன்.

"மாட்டைத் தாண்டுற வரைக்கும் நல்லாத்தான் ஓட்டுறீங்க" என்றேன்.

அன்று மாலையே அடுகோடிக்குப் போனோம். அண்ணனின் வண்டியை வெகு காலமாகப் பார்க்கும் மெக்கானிக் இம்தியாஸின் பட்டறை அங்கே இருக்கிறது. பட்டறை என்றால் ஒரு ஷட்டரும் அதற்கு முன்னால் உள்ள நடைபாதையும். நாங்கள் போனபோது பக்கத்துக் கடையிலிருந்து 'பை டூ' காபி வந்தது. ஒரு காபியை இரண்டு சின்னக் கண்ணாடித் தம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருகிறார்கள். திருச்சியில் அப்படிக் கேட்டால் கடைக்காரர் மேலும் கீழும் பார்ப்பார். இங்கே அதுதான் மரியாதையான அளவு.

"அரே அங்கிள், பவர் பேங்க் எதுக்கு?" என்றார் இம்தியாஸ். "வண்டிக்குள்ளயே பவர் கீது. பன்னெண்டு வோல்ட்ட அஞ்சா கொறைக்கற டப்பா ஒன்னு போட்டா முடிஞ்சுது. கேமரா, போன், இன்னா வேணும்னாலும் சொருகுங்க."

தீப்பெட்டி அளவு டப்பா. அதை ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒளித்தார். பேட்டரியிலிருந்து நேரே இழுக்காமல், சாவி போட்டால்தான் கரண்ட் வரும் ஒயரில் இணைத்தார். நடுவில் ஒரு ஃபியூஸ். காரணம் கேட்டேன். நேரே இழுத்தால், நிறுத்திய பிறகும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பேட்டரியைக் குடித்துக்கொண்டே இருக்கும், ஒருநாள் காலையில் வண்டி எழுந்திருக்காது என்றார். இப்படி இணைத்தால் சாவியைத் திருப்பினால் கேமரா பிழைக்கும், சாவியை எடுத்தால் சாகும், யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம். கரண்ட் வந்ததும் தானாகப் பதிவைத் தொடங்கும்படி கேமராவில் ரீட்டா ஏற்கெனவே ஏற்பாடு செய்திருந்தாள். கேபிளையும் இம்தியாஸ் கிளிப் போட்டு இறுக்கினார். மழைக்குப் பால் கவர் ஒன்றை வெட்டி மூடியாகச் சுற்றினார்.

"ஷூட்டிங்கா சார்?" என்று என்னிடம் கேட்டார்.

"விசாரணை" என்றேன்.

"அப்போ ஹீரோ அங்கிள்தான். ஸ்வல்ப தொப்பைய உள்ள இழுங்க அங்கிள், படத்துல விழும்."

இரண்டாம் நாள், சாப்பாடு போய்ச் சேரும் இடத்தையும் பார்த்துவிடலாம் என்று அண்ணனுக்கு முன்பே பஸ்ஸில் கிளம்பினேன். அவரோடு பின்னால் உட்கார்ந்து போக முடியாது, அந்த இடம் கேரியர்களுடையது. பஸ்ஸின் பெயர்ப்பலகை கன்னடத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாறி மாறி ஓடியது. எனக்குப் புரிகிற மொழி வருவதற்குள் பஸ் நகர்ந்துவிட, ஏறிவிட்டேன். தவறான பஸ். நடத்துநர் டிக்கெட் கொடுக்கும் முன் என் முகத்தைப் பார்த்து, "எல்லிகே?" என்று நான் போகும் இடத்தைக் கேட்டுவிட்டு, பதிலைக் கேட்டதும் கன்னடத்திலேயே தலையில் அடித்துக்கொண்டார். பின்னாலிருந்த ஒரு பெண் தமிழில் சொன்னார்: "இறங்குங்க சார். நீங்க போற ஊரு அந்தப் பக்கம், இது மடிவாளா போவுது." ஊர் என்றார். பேட்டையிலிருந்து பேட்டைக்குப் போவது இந்த நகரத்தில் உண்மையாகவே ஊர்ப் பயணம்தான்.

கடைசியில் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். ரிச்சர்ட்ஸ் டவுனில் மரங்கள் வீடுகளைவிட உயரமாக இருக்கின்றன. சிவப்பு ரிப்பன் கேரியர் போகும் வீட்டு வாசலில், வாக்கரைப் பிடித்தபடி ஓர் அம்மாள் நின்றிருந்தார். ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நான் யார் என்று சொன்னதும் கேட்டைத் திறந்தார்.

"உங்க அண்ணா லேட்டா வந்தா எனக்குப் பசி வராது, கோவந்தான் வரும்" என்றார். "ஆனா அவர் லேட்டா வந்ததில்ல. ஆன்லைன்ல ஆர்டர் பண்ணுங்கன்னு பையன் வெளிநாட்டுலேர்ந்து சொல்றான். அந்த டெலிவரி பசங்க கேட்ல மாட்டிட்டுப் போயிடுவாங்க. ஜெயராஜ் உள்ள வந்து மூடியைத் திறந்து வெச்சிட்டுப் போவாரு. என் விரல்ல திறக்க வராது."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே வண்டி வந்தது. அண்ணன் என்னைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. கேரியரை எடுத்து உள்ளே போய், நான்கு அடுக்குகளையும் பிரித்து, மேசையில் வைத்துவிட்டு வந்தார். "இன்னிக்கு பெப்பர் வாட்டர் காரம் தூக்கல், டீச்சர். தண்ணி பக்கத்துல வெச்சிக்கோங்க." அவ்வளவுதான். அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அன்று மாலை ரீட்டாவின் லேப்டாப்பில் படம் பார்த்தேன். ஒரே படமாக இல்லை, துண்டுகளாக இருந்தது. ஓடும்போது காற்று மைக்கில் மோதிப் பெரிய இரைச்சல், ஆகவே ஒலியை நிறுத்திவிட்டேன். அண்ணன் பிரமாதமாக ஓட்டுகிறார் என்பதைச் சொல்லியாக வேண்டும். இடப்பக்கமாக யாரையும் முந்துவதில்லை. பள்ளத்தை முன்கூட்டியே பார்த்து ஒதுங்குகிறார். குறுக்கே ஓடிய நாய்க்கு நின்றார். பாதசாரிக்கும் நின்றார், அதைத் திருச்சியில்கூட யாரும் செய்து நான் பார்த்ததில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். சிக்னலை நெருங்கும்போது மற்ற இருசக்கர வண்டிகள் சந்துகளில் நுழைந்து கோட்டுக்கு முன்னால் போய் நிற்கின்றன. இவர் மட்டும் ஏதாவது ஓர் ஆட்டோவின் பக்கத்தில், கூட்டத்துக்கு நடுவில் நிற்கிறார். பொறுமைசாலி என்று குறித்துக்கொண்டேன்.

ஆபீஸிலிருந்து வந்த ரீட்டா என் தோளுக்குப் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"டாடி, ஒவ்வொரு சிக்னல்லயும் ஏன் கட் ஆவுது?"

உண்மைதான். சிவப்பு தெரியும், வண்டி நிற்கும், படம் இருண்டுவிடும். அடுத்த துண்டு தொடங்கும்போது வண்டி ஏற்கெனவே சந்தியைத் தாண்டிக்கொண்டிருக்கும்.

"சாவிய ஆஃப் பண்றேன், அதும் ஆஃப் ஆவுது" என்றார் அண்ணன். "சிக்னல்ல இன்ஜின ஓட விட்டுகினு எவன் நிப்பான்? நானா பெட்ரோல் பங்க் ஓனரு?"

இதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டும். பெங்களூர் சிக்னலில் சிவப்பு விழுந்தால் அது நீண்ட சிவப்பு. விழுந்தவுடன் சுற்றியுள்ள வண்டிகளில் சாவிகள் திரும்பும் சத்தம் கேட்கும். நூறு இன்ஜின்கள் அடங்கி ஒரு சின்ன அமைதி வரும். ஆட்கள் கைகளைக் கட்டிக்கொள்வார்கள், பக்கத்து வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை பேசுவார்கள். பச்சைக்குச் சில நொடி முன்பு எல்லாச் சாவிகளும் மறுபடி திரும்பும். எங்கள் ஊரில் சிக்னல் இவ்வளவு நேரம் நிற்பதும் இல்லை, நாங்கள் இவ்வளவு நேரம் நிற்பதும் இல்லை. சாவியோடு பிழைத்துச் சாகும் கேமராவை இம்தியாஸ் பொருத்தியபோது, இந்த ஊரில் சாவி எத்தனை முறை திரும்பும் என்பதை அவரும் யோசிக்கவில்லை, அண்ணனும் யோசிக்கவில்லை.

"சிக்னல்தான டாடி சண்டையே. அது இல்லாம மீதி எல்லாம் இருந்தா இன்னா பிரயோஜனம்?" என்றாள் ரீட்டா. "சித்தப்பா, நீங்க சொல்லுங்க."

அவள் சொல்வது நியாயம் என்றேன். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்து, "சும்னே வேலை வெக்கறீங்க" என்று மட்டும் முணுமுணுத்தார்.

மறுபடி அடுகோடி. இம்தியாஸுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. முதலில் சுலபமான வழி ஒன்றைச் சொன்னார். வலது கைப்பிடிக்குப் பக்கத்தில் இருக்கும் சிவப்பு பட்டனை அமுக்கினால் இன்ஜின் மட்டும் நிற்கும், கரண்ட் போகாது. "சாவிய தொடாதீங்க அங்கிள், இத அமுக்குங்க."

அண்ணன் நடைபாதையிலேயே உட்கார்ந்து பழகிப் பார்த்தார். மூன்று தடவையும் கை சாவிக்குத்தான் போனது. "கை கேக்க மாட்டேங்குதுப்பா."

வேறு வழியில்லை. இம்தியாஸ் தன் கொள்கையை விட்டுக்கொடுத்து, பேட்டரியிலிருந்தே நேராக ஒயர் இழுத்தார். மறுபடி ஃபியூஸ், ஹேண்டில்பாரில் ஒரு சின்ன சுவிட்ச். வீட்டுக்கு வந்ததும் அதை அணைக்க வேண்டியது என் பொறுப்பு என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாள் வியாழக்கிழமை. வியாழன் என்றால் விவேக் நகரில் குழந்தை இயேசு கோயிலுக்கு ஊரே திரண்டு வரும். மெழுகுவர்த்தி வாங்கும் கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு அண்ணன் போனார். நான் சுவிட்சைப் போட்டு அனுப்பிவிட்டு, பேக்கரியில் காரா பன் வாங்கித் தின்றேன். வெங்காயமும் பச்சை மிளகாயும் மாவோடு வெந்த பன். இனிப்பில்லாத பன் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு இரண்டு பன் தேவைப்பட்டது.

அவர் திரும்பியதும் சுவிட்சை அணைத்தேன். அவர் பின்கட்டில் காலி கேரியர்களைக் கழுவப் போனார். நான் கூடத்தில் உட்கார்ந்து படத்தைப் போட்டேன். இந்த முறை துண்டு இல்லை. சிக்னலில் என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக, ஒலியையும் திறந்து வைத்தேன்.

முதல் சிக்னல். இன்ஜின் அடங்கியது. அந்த அமைதியில் அண்ணனின் குரல், கேமராவுக்கு அருகில் என்பதால், மிகத் தெளிவாகக் கேட்டது.

"கிரீன் ஆய்தா, குரு?"

பச்சை விழுந்துவிட்டதா என்று பக்கத்து வண்டிக்காரரைக் கேட்கிறார். "இன்னும் டைம் கீது அங்கிள், கவுண்ட் ஓடுது" என்றது ஓர் இளம் குரல்.

இரண்டாவது சிக்னலிலும் அதே கேள்வி. ஓர் ஆட்டோக்காரர் கன்னடத்தில் பதில் சொன்னார்: பொறு சார், நான் கிளம்பும்போது நீயும் கிளம்பு. மூன்றாவதில் ஒரு பெண், "போங்க போங்க" என்றார். நான்காவதில் பக்கத்தில் நின்றவர் காதில் எதையோ மாட்டியிருந்தார் போலிருக்கிறது, பதில் இல்லை. அண்ணன் மறுபடி கேட்டார். திரையின் மேல் மூலையில் பச்சை விளக்கு சின்னதாக, ஆனால் ஐயத்துக்கு இடமில்லாமல் எரிந்துகொண்டிருந்தது. பின்னால் ஹார்ன்கள் எழுந்தன. அதற்குப் பிறகுதான் சாவி திரும்பியது.

கேரியர்களைக் கழுவும் சத்தம் நின்றிருந்தது. அண்ணன் ஈரக் கையோடு கதவருகே நின்றார். திரையிலிருந்து அவருடைய குரல் ஐந்தாவது முறையாகக் கேட்டது. நான் நிறுத்தினேன்.

"அது பாக்கும்னு தெரியும்டா, லாரன்சு" என்றார். "கேக்கும்னு எவன் சொன்னான்?" சிரித்தார். நானும் சிரித்திருப்பேன், ஆனால் அவர் அதற்குள் நிறுத்திவிட்டார்.

"எப்பலேருந்துண்ணே?"

"தெரியல. ரோடு தெரியுது. ஆளு, வண்டி, பள்ளம் எல்லாம் தெரியுது. மேல தொங்கறது மட்டும் வெயில்ல ஒரே வெள்ளையா கீது. செவப்பும் அதே, பச்சையும் அதே."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனா ஓட்டாதன்னு சொல்வாரு. அதை வூட்லயே ஃப்ரீயா சொல்றாங்களே."

நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். "ஆனா நான் சிக்னல மீறினதே இல்ல. நீயே பாத்தல்ல? ஒரு தடவையாச்சும்?"

இல்லை. நான் பார்த்த இரண்டு நாள் படத்திலும் அவர் ஒரு விதியைக்கூட மீறவில்லை. கூட்டத்துக்கு நடுவில் நின்று, நகரத்தைக் கேட்டு, நகரத்தோடு சேர்ந்து கிளம்பியிருக்கிறார். ஒலியை நிறுத்திவிட்டு இதை ரீட்டாவுக்குக் காட்டினால், பெங்களூரிலேயே ஒழுங்கான ஓட்டி அவளுடைய அப்பாதான். கேரியர்கள் நாளைக்கும் போகும். டீச்சர் வீட்டு மேசையில் நான்கு அடுக்குகளும் திறந்திருக்கும். இதையெல்லாம் அவரும் யோசித்திருக்க வேண்டும். "அவகிட்ட இன்னா சொல்லப் போற?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் பதிலுக்கு ஒன்றைத்தான் கேட்டேன். "அந்த ஞாயித்துக்கிழமை?"

அவர் கையைத் துண்டில் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தார்.

"அன்னிக்கு கேக்கறதுக்கு ஆளு இல்ல" என்றார். "ரோடு காலி. அதனால பச்சைன்னு நெனச்சேன்."

சமையலறையில் அண்ணி மிக்சியை ஓடவிட்டார். அது நின்றது.

"அந்த ஆட்டோல பின்னாடி ஒரு பொண்ணு கைக்குழந்தையோட உக்காந்துனு இருந்துச்சு" என்றார் அண்ணன். "எதுவும் ஆவல. குழந்தை முழிக்கக்கூட இல்ல. வூட்ல நான் அத சொல்லல."

இனி என் தீர்ப்புக்குத் தேவை இருக்கவில்லை. லேப்டாப்பை மூடினேன்.

ரீட்டா வழக்கத்தைவிடச் சீக்கிரம் வந்துவிட்டாள். பையைக்கூடக் கீழே வைக்காமல், "சித்தப்பா, பாத்துட்டீங்களா?" என்றாள். அவள் முகத்தில் வெற்றி பெறும் ஆசை இல்லை. நல்லபடியாகச் சொல்லுங்கள் என்கிற மாதிரிதான் நின்றாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் எழுந்தார்.

"நாளைக்கு லீவு போடு, ரீட்டா."

"எதுக்கு டாடி?"

"மத்தியானம் சாப்பாட்டுக்கு நீ ஓட்டு. நான் பின்னாடி உக்காந்து வழி சொல்றேன். கேரியரு என் மடியில இருக்கட்டும். எந்த வூட்ல நாயி, எந்த வூட்ல படி, எல்லாம் உனக்குத் தெரியணும். முடிச்சிட்டு அப்படியே கண்ணு டாக்டரு." கொஞ்சம் நிறுத்தினார். "அதுக்கப்புறம் ஆளு வெக்கறதா, நீயே போறதா, அம்மாகிட்ட பேசிக்கலாம்."

ரீட்டா என்னைப் பார்த்தாள். நான் தலையை மட்டும் அசைத்தேன். அவள் பையை இறக்கிவிட்டு, ஆணியில் தொங்கிய அப்பாவின் ஹெல்மெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டாள். அது கண் வரைக்கும் இறங்கியது.

"லூசா கீது, டாடி."

"இரு." அவர் அவள் எதிரில் போய் நின்றார். தாடைக்கு அடியில் பட்டையைத் தேடி, அதன் பல்லைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு பல்லாக இறுக்கினார். விரல்கள்தான் அந்த வேலையைச் செய்தன. அவர் கண்கள் முழு நேரமும் அவள் முகத்திலேயே இருந்தன.